குறை சொல்ல இரண்டு பஸ்

“கதிரவனெல்லாம் ஒரு ஆட்டக்காரனா? எங்க காலத்து சவரிமுத்து புல்தரையில வெறுங்காலோட ஹாக்கி ஆடினான்யா!”

பொன்மலை டீக்கடையில் மாணிக்கவேலு அன்றும் ஆரம்பித்துவிட்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். இந்தக் கடையில் யாருக்கும் அவர் பெயர்கூடத் தெரியாது.

ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் அருள்நாதன் கிளாஸைக் கீழே வைத்தார். “பெரியவரே, நேத்து மேட்ச் பாத்தீங்களா? மூணு பேரைத் தாண்டி கோல் போட்டான். உங்க சவரிமுத்தால இந்த செயற்கைப் புல் டர்ஃப்ல ஓடக்கூட முடியாது.”

“டர்ஃப்ல பந்து தானா ஓடும். இவன் என்ன செஞ்சான்?”

“என்ன செஞ்சானா? கால்ல தையலோட ஆடினான்ங்க!”

“தையலா?” பெரியவரின் குரல் இறங்கியது. “எத்தனை?”

“நாலு. ஆனா மேட்ச் முடிஞ்சு நொண்டாமத்தான் போனான்.”

“சவரிமுத்து எட்டுத் தையலோட ஆடினான்” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஸ்ரீரங்கம் திரும்பி வீட்டுக் கதவைத் திறக்கும்போது மாடிவீட்டு ஜோதி கேட்டாள். “ஐயா, நேத்து டிவியில கதிரவனைப் பாத்தீங்களா? என்னதான் கோபம் இருந்தாலும் பெத்த பிள்ளையாச்சே.”

“எனக்குப் பிள்ளை கிடையாதும்மா.”

விறைப்பாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நாளைக்கு எதைக் குறை சொன்னால் அருள்நாதன் இன்னும் கொஞ்ச நேரம் பேசுவார் என்று யோசித்தபடி, ஒரு ஆளுக்கு அரிசி களைந்தார்.