மூன்று உருண்டைக் களி

டிராக்டரின் கியர் பெட்டியிலிருந்து கழற்றிய தண்டைச் சாக்கின் மேல் நிமிர்த்தி வைத்து, அதன் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினார் மெக்கானிக் அப்துல் சுபஹான்.

கெட்டுப்போன பேரிங் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தது. மறுபக்கம் துளை இல்லாததால் பின்னாலிருந்து தட்டித் தள்ள வழியில்லை. முன்னாலிருந்து இழுக்கலாமென்றால் கொக்கி நுழையவில்லை.

"வரமாட்டேங்குது" என்றார்.

நாலடி தள்ளிக் குத்தவைத்திருந்த பெத்தனுக்கு வயிறு குளிர்ந்தது. பின்னே குளிராதா? 'நாளைக்குள்ள வண்டி ஓடலைன்னா ஒன் ஏரையே பூட்டிக்க' என்று நிலத்துக்காரர் மெய்யநாதன் சொல்லியிருந்தார். முழுசாக ஆறு ஏக்கர்.

எங்கோ யாரோ ஓட்டிச் சலித்த அந்தப் பழைய டிராக்டர் அறுபத்தாறில் கீழச்சிவல்பட்டிக்கு வந்தது. அன்றிலிருந்து பெத்தனின் மாடுகள் சும்மா நின்று தின்றன. இந்த ஐப்பசியிலும் உழவு கிடைக்காவிட்டால் அவற்றைச் சந்தைக்கு ஓட்டிப்போக வேண்டியதுதான்.

அதனால் வேடிக்கை பார்க்கிற சாக்கில் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டான்.

காலையில் ஒரு சின்னத் தடங்கலும் நடந்திருந்தது. பேரிங்கை உள்ளே பிடித்து நிறுத்தும் எஃகு வளையத்தைக் கழற்றும்போது, அது இடுக்கியை விட்டுத் தெறித்து எங்கோ விழுந்துவிட்டது. சுபஹான் சாக்கை இரண்டு தடவை உதறிப் பார்த்தார். முதலில் பேரிங் வரட்டும், வளையத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

இப்போது துளை நிறையக் கிரீஸை அடைத்தார். துளைக்கு அளவெடுத்ததுபோல் ஒரு இரும்புத் தடியை அதற்குள் நட்டு, சுத்தியலால் அடித்தார். அடைத்த கிரீஸ் போக இடமில்லாமல் பேரிங்கின் அடியில் புகுந்து, அதை மேலே தூக்க வேண்டும். அதுதான் அவர் திட்டம்.

கிரீஸ் பேரிங் குண்டுகளின் சந்து வழியே பீய்ச்சி அவர் தாடியில் அடித்தது.

பெத்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். வாய் வெற்றிலைக்கு நமநமத்தது. ஆனால் மடியிலிருந்த வெற்றிலைப் பையை அவன் தொடவில்லை.

தாடியைத் துடைத்த சுபஹானின் கண் பெத்தனின் தூக்குச்சட்டியில் போய் நின்றது.

"அண்ணே, அந்தத் தூக்குல என்ன வச்சிருக்கீக?"

கேப்பைக் களி. அவன் பெண்டாட்டி சிட்டாள் விடிகாலையில் கிண்டியது. அவள் களி ஆறினால் எப்படி இறுகும் என்பதற்குப் பெத்தனின் கடைவாய்ப் பல்லே சாட்சி.

கேட்டதும் தூக்கை நீட்டிவிட்டான். களியாவது இரும்பைத் தூக்குவதாவது!

முதல் உருண்டை உள்ளே போனது. தடியை நட்டு அடித்தார், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதை அடைத்தும் அப்படியேதான் இருந்தது.

மூன்றாவதில் சுத்தியலின் சத்தம் மாறியது. சுபஹான் ஓங்கி அடிக்கவில்லை. ஒரே சீராக, பொறுமையாக, காது கொடுத்துக் கேட்டுக் கேட்டுத் தட்டினார். மாட்டை அடிக்காமலே ஆறு ஏக்கர் உழுதவன் பெத்தன். இரும்பையும் அப்படி ஓட்டலாம் என்று இன்றைக்குத்தான் பார்த்தான்.

பேரிங் ஒரு மயிரிழை மேலே வந்தது.

பெத்தன் எழுந்து நின்றுவிட்டான். இன்னும் ஒரு மயிரிழை. பிறகு நெல்லளவு. மாடுகள் மறந்தன, சந்தை மறந்தது. கீறல் இல்லை, பிளவு இல்லை. அடியில் களி அப்பியபடி முழுசாக வெளியே வந்து விழுந்தது.

"ஆத்தாடி! கையா பாய் அது!" என்று அவனையறியாமல் கத்தினான்.

சுபஹான் துளையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, புதுப் பேரிங்கைத் தட்டி இறக்கினார். அப்புறம் மண்டியிட்டு வளையத்தைத் தேட ஆரம்பித்தார். அது இல்லாமல் பூட்டினால் நாலு சால் உழுவதற்குள் பேரிங் நழுவிவிடும். வேறு வாங்க மதுரைக்குத்தான் ஆள் போக வேண்டும், இரண்டு நாளாகும். பெத்தன் சும்மா இருந்தால் போதும், ஆறு ஏக்கரும் அவனுக்குத்தான்.

ஆனால் அந்த மனுசன், இத்தனை அழகாக வேலை செய்த மனுசன், மண்ணில் முழங்காலிட்டுத் துழாவுவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

முதுகைக் காட்டிக் குனிந்தான். நிமிர்ந்தபோது கையில் வளையம் இருந்தது.

"இங்குட்டுக் கெடந்துச்சு பாய்."

சுபஹான் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். வளையத்தில் மண் இல்லை. சுண்ணாம்பும் புகையிலைத் தூளும் ஒட்டியிருந்தன.

கைலியில் துடைத்து அதைத் தண்டில் பூட்டினார். பிறகு பெத்தனின் பக்கத்தில் வந்து குத்தவைத்துக் கையை நீட்டினார்.

"ஒரு வெத்தல குடுங்கண்ணே. நீங்களும் காலையில இருந்து பையைத் தொறக்கவே இல்லையே."