சர்க்கரைப் பூச்சு

பிற்பகலிலேயே ஏற்காட்டு ஆஸ்பத்திரி வார்டில் விளக்கு எரிகிறது. ஜன்னலை மூடுபனி அடைத்து நிற்கிறது. கட்டிலில் நான்கு வயது தமயந்தி வெளுத்துப்போய்க் கிடக்கிறாள். தலைச்சோலை கிராமத்திலிருந்து ரத்தபேதியோடு தூக்கி வந்த பிள்ளை. பேதி நின்றுவிட்டது, இப்போது மூத்திரம் இறங்கவில்லை. கட்டில் ஓரம் தொங்கும் குழாய்ப்பையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. தாய் செல்லாயி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் ஜோஸ்லின் குனிந்து மெதுவாகச் சொல்கிறார். "கிருமி கக்குன விஷம் ரத்தத்துல கலந்துருச்சுங்க. கிட்னியில இருக்குற சின்னச் சின்ன ரத்தக்குழாய்க்கு உள்பக்கம் சர்க்கரை பூசுனாப்புல ஒரு படலம் இருக்குது. அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் விஷம் உள்ள நுழையுது. சேலத்துக்குக் கொண்டுபோயி டயாலிசிஸ் பண்ணோணும்." செல்லாயியின் காதில் சர்க்கரை என்ற சொல் மட்டும் விழுகிறது. "ஏனுங்க, பேதிக்கு நாந்தானுங்க சக்கரைத்தண்ணி கலக்கிக் குடுத்தேன்." "ஐயோ, அது வேறைங்க. இது பொறக்கையிலயே எல்லாரு உடம்புலயும் இருக்குறது. நீங்க குடுத்ததுல தப்பே இல்லீங்க." செல்லாயி தலையாட்டுகிறாள். டாக்டர் அவள் தோளைத் தொட்டுவிட்டு நகர்கிறார். வெளியே ஆம்புலன்ஸ் உறுமுகிறது. ஈரச் சட்டையோடு உள்ளே வந்த கணவன் மாதேஷ், பிள்ளையைப் போர்வையோடு அள்ளியபடி கேட்கிறான்: "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" செல்லாயி மகளின் வீங்கிய பாதங்களைச் சேலைத் தலைப்பால் மூடுகிறாள். "சக்கரையாலதானாமுங்க," என்கிறாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.