அடிங்க

ஹோன் சத்தம் போடவில்லை.

டிரைவர் ஆண்டியப்பன் இன்னொரு தரம் பட்டனை அழுத்திப் பார்த்தான். ஊஹூம். முன்னால் இறம்பொடை ரோட்டின் வளைவை அடைத்துக்கொண்டு ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். ஆண்கள் கையில் மம்பட்டிப் பிடி. பெண்கள் கையில் விறகுக்கு ஒடித்த தேயிலை மிலாறு.

பின்சீட்டில், தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கு றோலண்டுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது.

முந்தாநாள் காலை, பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிந்தி வந்தாள் என்று கொழுந்து பறிக்கும் காளியாயியை வயிற்றில் உதைத்தவன் அவன்தான். அவளுக்கு ஏழு மாதம். பொழுது சாய்வதற்குள் பிள்ளை செத்துப் பிறந்தது.

தோட்டத்துத் துரை செய்த நியாயம் என்ன தெரியுமா? கொழும்பில் போய்க் கொஞ்ச நாள் இரு என்று தன் பழைய காரையே கொடுத்து அனுப்பினார். உலக யுத்தத்துக்கு முந்தின கார். அது மலையை விட்டு இறங்கிவிட்டால் அப்புறம் கேட்க நாதியில்லை.

காளியாயி ஆண்டியப்பனின் கூடப் பிறந்த தங்கை. கண்டாக்குக்கு அது தெரியாது. லயத்துக் கூலி ஆட்களில் யாருக்கு யார் என்ன உறவு என்று அவன் எந்தக் காலத்தில் கேட்டான்?

"என்னடா ஆச்சு?"

"றிலே வேலை செய்யலைங்கய்யா. ஹோனுக்குக் கரண்டு குடுக்கிற சாமான். இந்தா, பாத்துடுறேன்."

இறங்கிப் பொனட்டைத் தூக்கிக் குனிந்தான்.

கூட்டம் நெருங்கி வந்து காரைச் சுற்றிக்கொண்டது. யாரும் கை வைக்கவில்லை. அப்பன் காலத்திலிருந்து 'ஐயா', 'ஐயா' என்றே பழகிவிட்ட சனம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைச் சொல்லத்தான் ஆளில்லை. சே, இப்படியும் ஒரு பயமா.

"ஐயா, முன்னுக்கு வந்து பட்டன்ல கை வைங்க. நான் சொன்னதும் அடிங்க."

றோலண்ட் கதவைத் திறக்கத் தைரியமில்லாமல் சீட்டுக்கு மேலாகவே ஏறி முன்னால் வந்தான்.

ஆண்டியப்பன் பொனட்டுக்குள்ளிருந்து நெஞ்சு வெடிக்கக் கத்தினான்.

"அடிங்க."

கண்டாக்கு பட்டனை அழுத்தினான். அதே நேரம் முன்கண்ணாடி நொறுங்கி அவன் மடியில் விழுந்தது.

கதவைப் பிய்த்து ஆளை இழுத்து ரோட்டில் போட்டார்கள். மிலாறு முதுகைக் கிழித்தது. மம்பட்டிப் பிடிகள் மாறி மாறி விழுந்தன. காளியாயிக்குப் பிரசவம் பார்த்த பேச்சியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, உதைத்த அந்த வலது காலைத் தேடித் தேடி அடித்தாள். எலும்பு முறிந்தது ஆண்டியப்பனுக்குக் கேட்டது. அவன் தலையை வெளியே எடுக்கவில்லை.

போலீஸ் வந்தது. யார் அடித்தது என்று கேட்டால், அத்தனை பேரும் நாங்கதான் என்றார்கள். 'அடிங்க' என்று கத்தினது யார் என்று கேட்டபோது ஆண்டியப்பன் முன்னால் வந்தான்.

"நாந்தானுங்க. கண்டாக்கையாவை ஹோன் அடிக்கச் சொன்னேன். ஐயாவைப் பாத்து 'அடி'ன்னா சொல்ல முடியும்? மரியாதையா 'ங்க' போட்டுச் சொன்னேன். சனங்க தங்களுக்குச் சொன்னதா நெனச்சிக்கிட்டாங்க."

ஆஸ்பத்திரியில் காலில் மாக்கட்டோடு கிடந்த றோலண்டும் அதையே சொன்னான். ஹோனைத்தான் அடிக்கச் சொன்னான், நானும் அடித்தேன், சத்தம் வரவில்லை என்றான். டிரைவர் மேல் பிழையில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

அன்று சாயந்தரம் ஆண்டியப்பன் லயத்தில் தங்கையின் காம்பராவுக்குப் போனான். காளியாயி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பால் கட்டி வலித்ததால் மாரில் துணியை இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

காற்சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவு சாமான் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"என்னாண்ணே இது?"

"ஹோன் றிலே. ஒரு பழுதும் இல்லை. காரை எடுக்க முந்தியே கழட்டிட்டேன்."