நீலக் கயிறு

குருநகரில் யாகப்புவின் வீட்டுத் தொலைக்காட்சியில் பின்னேரம் ஆறரைக்கு உளவாளித் தொடர் ஓடும். எண்பது வருசத்துக்கு முந்திய சண்டைக்காலக் கதை; படமும் கறுப்பு வெள்ளைதான். உளவாளி மீனவனாக வேசம் போட்டு ஒரு துறைமுகத்தில் ஒளிந்திருந்தான். நாற்பது வருசம் கடலுக்குப் போகிற யாகப்புவுக்கு, அவன் படகைக் கயிற்றால் கட்டுகிற சீரைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“விசரன்! உந்த முடிச்சைக் கண்டாலே பிடிச்சுப்போடுவாங்கள்.”

நாளைக்கு அதிகாரி சோதனைக்கு வருகிறான் என்பதோடு அன்றைய பகுதி முடிந்தது. திரையில் உளவாளியின் முகம் அப்படியே நின்றது. யாகப்பு தன்னுடைய நீல நைலோன் கயிற்றை எடுத்துவந்து, அந்த முகத்துக்கு நேரே மூன்று தரம் முடிச்சுப் போட்டுக் காட்டினார். இடப்பக்கம் ஒரு சுற்றுக் கூட. அது அவருடைய தகப்பன் போட்ட முடிச்சு. மனைவி அருமைநாயகிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

விடிய, சுவர் ஆணியில் மாட்டிவைத்த கயிற்றைக் காணவில்லை.

பின்னேரம் அதிகாரி வந்தான். உளவாளி படகைக் கட்டினான், இடப்பக்கம் ஒரு சுற்றுக் கூட. அதிகாரி குனிந்து பார்த்தான், தலையாட்டிவிட்டுப் போனான். யாகப்பு எழும்பி நின்று கைதட்டினார்.

“இஞ்சாருங்கோ, உது எங்கடை கயிறெல்லோ?” என்றாள் அருமைநாயகி.

கறுப்பு வெள்ளைப் படத்தில் கயிறு மட்டும் நீலமாக இருந்தது.

“ஓம். வேலை முடியத் தருவான்.”

அடுத்தநாள் காலை கயிறு ஆணியில் சுருட்டித் தொங்கியது. அதில் நீலம் துளியும் இல்லை, வெறும் சாம்பல்.

அருமைநாயகி அதை உதறிப் பார்த்தாள்.

“நல்ல பிள்ளை. தோய்ச்செல்லோ தந்திருக்கிறான்!”