அபராதம் அடுத்த வீட்டுக்கு

"எனக்கு இந்தத் தடவை எக்ஸ்ட்ரா எதுவும் இல்லையே?"

"இல்லைங்க ஐயா," என்றாள் மீட்டர் பார்க்க வந்த பெண். "போன தடவை ஹீட்டரும் வாஷிங் மெஷினும் ஒரே நேரத்துல ஓடியிருக்கு. அனுமதிச்ச அளவைத் தாண்டினதால தனியா ஒரு கட்டணம் விழுந்துச்சு. இந்தத் தடவை தாண்டல."

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"எப்படித் தாண்டும்? இன்னொரு தடவை எக்ஸ்ட்ரா வந்தா மெஷினைப் பழைய இரும்புக் கடையில போட்டுடுவேன்னு வீட்டுல சொல்லிட்டேன்ல. கண்டிப்பு வேணும்மா!"

"ஆனா, அடுத்த வீட்டுக்கு அந்தக் கட்டணம் வந்திருக்கு."

அடுத்த வீட்டில் இருப்பது அவர் மனைவியின் தம்பி. குடும்பப் போட்டோவில் இவருடைய பாதிக் காது மட்டும் தெரியும்படி வெட்டி அவன் ஃப்ரேம் போட்ட நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

டிரைவருக்கு வாயெல்லாம் பல்.

"அப்படியா சேதி! வாம்மா, பில்லைக் கொடுக்க நானும் கூட வர்றேன்."

மைத்துனன் வாசலிலேயே நின்றிருந்தான். டிரைவர் அவன் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் ஆரம்பித்தார்.

"சிலருக்கு வீடு நடத்தத் தெரியாதும்மா. கண்டதையும் சொருகி வச்சா அபராதம் வராம என்ன வரும்?"

"அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லும்மா," என்றான் மைத்துனன்.

"அங்க பாரு, பின் ஜன்னல் வழியா ஒரு கறுப்பு வயர் வெளியில போகுது! எவனுக்கோ தானம் நடக்குது."

"வேண்டியவங்களுக்குத்தான்னு சொல்லும்மா."

"பெரிய வேண்டியவங்க! ஓசியில கரண்ட் இழுக்கிறவனுக்கு வெட்கம் வேணாம்? முதல்ல அதைப் பிடுங்கச் சொல்லு!"

மைத்துனன் தயங்கினான். "நிஜமாவே பிடுங்கவான்னு கேளும்மா."

"பிடுங்குன்னா பிடுங்கணும்!"

பிடுங்கினான்.

சுவருக்கு அந்தப் பக்கம், டிரைவர் வீட்டில், கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று பொசுக்கென்று அடங்கியது. கூடவே அவர் மனைவியின் குரல்:

"தம்பி! மெஷின் நின்னு போச்சுடா! வயர் கழண்டுடுச்சா பாரு. உங்க அத்தான் உள்ள வர்றதுக்குள்ள சொருகுடா!"

மீட்டர்க்காரப் பெண் அவசரமாக வானத்தைப் பார்த்தாள்.

டிரைவரின் கை தானாகப் போய்க் காதைத் தடவியது. பிறகு அவள் கையிலிருந்த மைத்துனனின் பில்லை வாங்கி, சத்தமில்லாமல் மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எத்தனையோ வருஷம் கழித்து அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"என்னடா பார்க்கிற? போட்டோ விஷயம் தனி. முதல்ல வயரைச் சொருகு!"