சிவப்புச் சீட்டு

புளியமரத்தடி மண்ணில் வாழ்ந்த இரண்டு நீர்க்கரடிகள் பிடிபட்டு, ஆளுக்கொரு கண்ணாடித் தகட்டில் ஒட்டப்பட்டு, ஒரே பெட்டிக்குள் கிடந்தன. கண்ணுக்கே தெரியாத அளவு சின்ன உயிர்கள். அக்கா தங்கைகள்.

இது புது இனம் என்று அறிவித்த ஆய்வாளர் அக்காவின் தகட்டில் சிவப்புச் சீட்டு ஒட்டினார். இனி இந்த இனத்துக்கே அவள்தான் அளவுகோல். தங்கைக்கு வெறும் வெள்ளைச் சீட்டு.

அன்றிலிருந்து அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "உன் கால் கோணல்டி. என்னைப் பாரு, எப்படி இருக்கேன்!"

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேல கண்ணாடியை வெச்சு அமுக்கினப்போ நான் உதைச்சேன், கால் கோணிப்போச்சு. நீ அசையாமக் கிடந்தே. அதுக்குத்தான் உனக்குச் சிவப்புச் சீட்டு. பெரிய அழகின்னு நினைப்பு!"

"பொறாமை" என்றாள் அக்கா.

மறுவாரம் அதே மரத்தடியிலிருந்து மூன்றாவது தகடு வந்தது. அதில் ஒரு கிழவி.

"ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டாள் அவள்.

அக்கா அவளை மேலும் கீழும் அளந்தாள். "நகமெல்லாம் தேஞ்சு கிடக்கு. என்னோட எதுவும் ஒத்துவரல. இது நம்ம இனமே இல்ல. வேற பெட்டிக்குப் போகட்டும்."

தங்கை கத்திய கத்தலில் பெட்டி அதிர்ந்தது. "கண்ணைத் திறந்து பாருடி! தன் தோலையே உரிச்சு, அதுக்குள்ள நம்மளை முட்டையா வெச்சுக் காப்பாத்தினவ. நம்ம அம்மாடி!"

அக்கா இன்னொரு தடவை அளந்து பார்த்தாள்.

"அம்மாவா இருக்கலாம்" என்றாள். "நகம் ஒத்துவரலையே."