மூன்று முறை பொற்கொடி

தொண்டையில் மின்னணுச் சில்லு ஒட்டியதிலிருந்து மாசிலாமணி திக்கியதே இல்லை. எந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தாலும் சில்லு அதைக் கத்தரித்து ஒன்றாக்கிவிடும். என்ன, விருந்தாளிகளை "வாங்க வாங்க" என்று வரவேற்றாலும் ஒற்றை "வாங்க"தான் வெளியே வரும். அதற்கே இன்று காலை பெரிய மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மகளுக்குப் பெயர் சூட்டும் நாள். அப்பா அவள் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். மாசிலாமணி குனிந்தான்.

"பொற்கொடி."

"இன்னும் ரெண்டு தடவை, மாப்ளே" என்றான் மைத்துனன் வேலாயுதம்.

மாசிலாமணி சொன்னான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னான். அதுவும் வரவில்லை.

"மாப்ளைக்கு வார்த்தையில ரொம்பச் சிக்கனம்!" கூடம் சிரித்தது.

மனைவி செண்பகத்துக்குப் புரிந்துவிட்டது. "அந்தச் சனியனைக் கழட்டுங்க" என்றாள் மெதுவாக.

"இத்தனை பேர் முன்னாலயா?"

"அவளுக்கு மட்டும் கேட்டாப் போதும்."

ஏழு வருடம் யாரும் கேட்காத குரல் அது. காது சிவக்க, சில்லை உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான்.

"பொ... பொ... பொ... பொற்கொடி."

ஒவ்வொரு 'பொ'வுக்கும் மூச்சு காதில் பட, குழந்தை நெளிந்தது, உதட்டைக் குவித்தது. மாசிலாமணி கூட்டத்தை மறந்தான். இரண்டாவதும் மூன்றாவதும் அவசரமில்லாமல் வந்தன.

விரல்விட்டு எண்ணிய வேலாயுதம் கையை உதறினான். "மூணு கேட்டா முப்பது சொல்லிட்டீங்க. எந்திரிங்க மாப்ளே, பந்தி போடணும்!"

மாசிலாமணி எழவில்லை. நான்காவது முறைக்கு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான்.